பிழைப்புக்கு ஒரு டெனர் சாக்ஸபோன்

சாக்ஸபோன் வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் பார்ப்பது மினுமினுப்பை, அடுத்து விலைச் சீட்டை. வாத்தியம் கைக்கு வந்து, முதல் ரிசப்ஷன் மேடையில் ஒரு பாட்டின் இண்டர்லூடில் கீழ் ஸ்தாயிக்கு இறங்கும்போது நாதம் உடைந்து கரகரக்கும். காற்று எங்கோ கசிகிறது என்பது அப்போதுதான் புரியும். ட்ரூப் உங்களுக்காக நிற்காது. கீபோர்டுக்காரர் அந்த இடத்தைத் தானே வாசித்து நிரப்பிவிடுவார். அடுத்த கச்சேரிக்கு அழைப்பு வராமல் போக அது ஒன்றே போதும்.

தொழிலாக வாசிக்க நினைக்கிறவர் பணத்தை மூன்று விஷயங்களில் போட வேண்டும். காற்று கசியாத உடல், வாய்க்குப் பொருந்தும் மவுத்பீஸ், அவசரத்துக்கு எடுத்துப்போய்க் காட்ட ஒரு நல்ல ரிப்பேர்காரர். இவை அமைந்துவிட்டால் மெருகு போன பழைய டெனர்கூடப் பல வருஷம் சோறு போடும். இவை இல்லாமல் வாங்கிய புது வாத்தியம் வீட்டு ஷோகேஸுக்குத்தான் போகும்.

டெனர்தானா?

புழக்கத்தில் உள்ள சாக்ஸபோன்கள் நான்கு: சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிடோன். நான்கிலும் விரல் வைப்பு ஒன்றுதான். ஒன்றைக் கற்றவர் மற்றதை எடுத்து வாசிக்கலாம்; உதட்டுப் பிடி, மூச்சின் அளவு, சுருதிக் கணக்கு ஆகியவைதான் மாறும். டெனர் ஆண் குரல் புழங்கும் ஸ்தாயியில் பேசும். பாட்டுக்குப் பின்னால் ஒட்டி வரவும், இண்டர்லூடில் முன்னால் வந்து நிற்கவும் அதனால் முடிகிறது. என் காது எப்போதும் டெனர் பக்கம்தான் சாயும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் உங்கள் நோக்கம் கர்நாடக இசை என்றால் ஆல்ட்டோவைப் பாருங்கள். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த கத்ரி கோபால்நாத் வாசித்தது ஆல்ட்டோதான். 1994இல் வந்த ‘டூயட்’ படத்தில் தமிழ்நாடே கேட்டுக் கிறங்கியது அவருடைய வாசிப்பை. அந்த வழியில் போகிறவர்களுக்குக் குருவும் கிடைப்பார், கமகத்துக்கான விரல் நுணுக்கமும் கிடைக்கும். டெனரில் அந்தப் பாதை இன்னும் அவ்வளவு நடந்து தேய்ந்ததல்ல.

லைட் மியூசிக், சர்ச், ஹோட்டல் லாபி, ஜாஸ், பேண்டு என்றால் டெனர் உங்களை ஏமாற்றாது. வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் காதைப் பழக்குங்கள். கோல்மன் ஹாக்கின்ஸ் 1939இல் பதிவு செய்த ‘பாடி அண்ட் சோல்’ டெனரின் இலக்கணம். ஸ்டான் கெட்ஸ் 1960களில் பிரேசில் பாட்டுக்காரர்களோடு சேர்ந்து வாசித்ததில் அதே வாத்தியம் காதோடு பேசும். ‘பிங்க் பேந்தர்’ படத்தின் அந்தப் பதுங்கி நடக்கும் இசை பிளாஸ் ஜான்சனின் டெனர். மூன்றும் ஒரே வகை வாத்தியம்தான். மூன்று ஆட்களின் மூச்சும் மவுத்பீஸும் வேறு. கேட்டுக் கேட்டு, உங்களுக்கு எந்த நாதம் வேண்டும் என்பது மனதில் பதிந்த பிறகு கடைக்குப் போனால், விற்பனையாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட மாட்டீர்கள்.

பித்தளை உடம்பு, மர வாத்தியக் குணம்

பெல்ஜியத்தின் தினாந்த் ஊரில் 1814இல் பிறந்த அடால்ஃப் சாக்ஸ், 1846இல் பாரிஸில் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். ராணுவ பேண்டில் மர வாத்தியங்களின் நெகிழ்வும் பித்தளை வாத்தியங்களின் பலமும் ஒரே கருவியில் கிடைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். உடம்பு பித்தளையானாலும் சத்தம் பிறப்பது மவுத்பீஸில் கட்டிய ஒற்றை நாணல் ரீட்டில். அதனால் இது மர வாத்தியக் குடும்பத்தில் சேர்த்தி. நம் நாதஸ்வரச் சீவாளியில் இரண்டு நாக்கு ஒன்றோடொன்று அதிரும். இதில் ஒரே நாக்கு மவுத்பீஸின் விளிம்பில் அதிர்கிறது.

நாதஸ்வரம்போலவே சாக்ஸபோன் குழலும் வாயிலிருந்து வெளி முனை வரை விரிந்துகொண்டே போகும். குழல் இப்படிக் கூம்பாக இருப்பதால், கட்டைவிரலால் ஆக்டேவ் கீயை அழுத்தினால் அதே விரல் வைப்பில் மேல் ஸ்தாயி வருகிறது. கிளாரினெட்டில் அப்படி வராது. அங்கே மேலே போனால் விரல் மாறும். சாக்ஸபோன் கற்க எளிது என்று சொல்வதற்கு இது முக்கியக் காரணம். மூன்று மாதத்தில் ஒரு பாட்டை வாசித்துவிடலாம். அந்தப் பாட்டைக் காசு கொடுத்துக் கேட்கும்படி வாசிக்க வருஷங்கள் ஆகும்.

டெனரின் எடை மூன்று கிலோவுக்கு மேல். கழுத்துப் பட்டையில் அவ்வளவு எடையும் தொங்கினால் இரண்டு மணி நேரக் கச்சேரியில் கழுத்து எலும்பு பேச ஆரம்பித்துவிடும். தோள்களில் எடையைப் பகிரும் ஹார்னஸ் ஒன்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள். கழுத்து வலியோடு தொழில் செய்ய முடியாது.

கட்டைக் கணக்கு

டெனர் பி பிளாட் வாத்தியம். நீங்கள் ‘சி’ வாசித்தால் கேட்கிறவர் காதில் விழுவது பி பிளாட். எழுதியதற்கு ஒரு ஸ்தாயியும் ஒரு முழு ஸ்வரமும் கீழே. அதனால் பாடகர் எந்தச் சுருதியில் நிற்கிறாரோ அதற்கு ஒரு முழு ஸ்வரம் மேலே நீங்கள் நிற்க வேண்டும்.

நம் மேடைப் பாஷையில் சொன்னால், பாட்டு ஒரு கட்டை என்றால் உங்கள் ஸா ‘டி’. நான்கு கட்டை என்றால் ‘ஜி’. ஐந்து கட்டைக்கு ‘ஏ’. ஆறரைக் கட்டை வந்தால் உங்களுக்குக் கொண்டாட்டம், உங்கள் ஸா நேராக ‘சி’யில் வந்து உட்காரும். ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார்கள் என்றால் உங்கள் ஸா பி பிளாட். டெனரின் கீழ்க்கோடி ஸ்வரமும் அதுதான். மந்தர ஸாவோடு வாத்தியம் முடிந்துவிடும். அதற்குக் கீழே ஒரு நி தொட வேண்டுமென்றால் வழியில்லை, மேல் ஸ்தாயியில்தான் வாசிக்க வேண்டும்.

கிடாரிஸ்டுகளோடு வேலை செய்கிறவர்களுக்குச் சோதனை வேறு மாதிரி. கிடாருக்கு வசதியான இ மேஜர் உங்களுக்கு எஃப் ஷார்ப் மேஜராக வரும், ஆறு ஷார்ப்புகள். ஏ மேஜர் வந்தால் பி மேஜர், ஐந்து ஷார்ப்புகள். மேடையில் பாடகர் தொண்டை சரியில்லை என்று “அரைக் கட்டை இறக்கிக்கலாம்” என்பார். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு தட்டுத் தட்டி வேலையை முடித்துக்கொள்வார். உங்களுக்குப் பொத்தான் கிடையாது, விரல்தான் மாற வேண்டும். பன்னிரண்டு மேஜர் ஸ்கேலும் தூக்கத்தில் வரும் அளவுக்குப் பழகாதவர் இந்தத் தொழிலில் நிலைக்க முடியாது. வாங்கும் முன்பே இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆல்ட்டோ என்றால் இந்தக் கணக்கு வேறு. அதில் ஒரு கட்டைக்கு ஸா ‘ஏ’. ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சில வருஷமாவது அதிலேயே இருந்தால்தான் கணக்கு விரலுக்கு ஏறும்.

கடையில் என்ன பார்ப்பது

தனியாகப் போகாதீர்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவருடைய மவுத்பீஸையும் நல்ல ரீட் ஒன்றையும் எடுத்துப்போங்கள். வாத்தியத்தோடு வரும் மவுத்பீஸ் மோசமாக இருந்தால் நல்ல டெனரும் கெட்டதாகத் தெரியும்.

முதலில் கழுத்து. மவுத்பீஸ் செருகும் வளைந்த குழாயை உடலில் பொருத்தித் திருகை இறுக்கி, மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஆடவே கூடாது. ஆடினால் அந்த இடத்தில் காற்று போகிறது, மொத்த வாத்தியமும் சோம்பும். பிறகு கழுத்தைக் கழற்றிப் பக்கவாட்டில் பாருங்கள். வளைவின் கீழ்ப்பக்கம் சப்பையாகவோ சுருக்கம் விழுந்தோ இருந்தால், யாரோ மவுத்பீஸைச் செருகும்போது பலமாக அழுத்தி வளைத்திருக்கிறார்கள். சுருதி சரியாக நிற்காது.

அடுத்து உடலைத் துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் கண்ணுக்கு நேரே பிடித்து, நீளமான தண்டுகள் நேராக ஓடுகின்றனவா என்று பாருங்கள். அடி வளைவில் சின்னச் சின்ன நசுங்கல்கள் இருக்கும். அவற்றால் பெரிய கெடுதல் இல்லை. ஸ்வரத் துளைகளின் விளிம்புப் பக்கத்தில் நசுங்கல் இருந்தால் துளையை மூடும் பேட் உட்காராது, அதுதான் ஆபத்து. விரிந்த வெளி முனையான பெல்லையும் உடலையும் இணைக்கும் வளையத்தில் புதிதாகப் பற்றவைத்த தடம் தெரிகிறதா? வாத்தியம் ஒருமுறை நன்றாக விழுந்திருக்கிறது. பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் உலோகம் அரிக்க ஆரம்பித்திருக்கிறது. மேல்பூச்சு உரிந்திருப்பது மட்டும் குறையே அல்ல. மாறாக, பழைய வாத்தியம் ஒன்று கண்ணாடிபோல் மின்னினால் சந்தேகப்படுங்கள். மறுபூச்சுக்காகச் சாணை பிடித்திருப்பார்கள். பெல்லில் இருக்கும் பூவேலையின் கோடுகள் மழுங்கிப்போயிருக்கும்.

ஒவ்வொரு கீயையும் இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் மூட்டுகள் தேய்ந்துவிட்டன. ஊசி ஸ்பிரிங்குகளைக் கவனியுங்கள். நீல எஃகு ஊசிகள் கடற்கரை ஊர் ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். கச்சேரி நடுவே ஒரு ஊசி முறிந்தால் அந்தக் கீ திரும்பாது. சென்னை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் இருந்த வாத்தியம் என்றால் இதை இரண்டு முறை பாருங்கள்.

இப்போது உயிர்நாடி. ரிப்பேர்காரரிடம் மெல்லிய எல்.இ.டி. விளக்குச் சரம் ஒன்று இருக்கும். கழுத்தைக் கழற்றிவிட்டு அந்தச் சரத்தை உடலுக்குள் இறக்குவார். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொரு கீயாக மூடச் சொல்லுங்கள். அழுத்தி மூடக் கூடாது; வாசிக்கும்போது எவ்வளவு லேசாக விரல் வைப்போமோ அவ்வளவுதான். பேட் ஒழுங்காக உட்கார்ந்தால் விளிம்பு முழுக்க இருட்டு. ஒரு ஓரத்தில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் காற்று அங்கேதான் தப்பிக்கிறது. விளக்கு இல்லாத இடத்தில் சிகரெட் தாளைச் சின்னத் துண்டாக வெட்டி, பேட்டுக்கும் துளை விளிம்புக்கும் நடுவில் வைத்து மூடி இழுப்பார்கள். சுற்றிலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுவை தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. டெனரில் ஏறக்குறைய இருபத்தைந்து பேட்கள். ஒன்றிரண்டு கசிந்தால் சின்ன வேலை. பாதிக்கு மேல் தோல் காய்ந்து வெடித்திருந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.

அதன் பிறகு ஊதுங்கள். பலமாக ஊதிக் காட்டுவது எளிது. மெல்லிய மூச்சில் ‘பி’யிலிருந்து படிப்படியாக இறங்கி வாருங்கள்: ஏ, ஜி, எஃப், இ, டி, சி, கடைசியில் கீழ் பி, பி பிளாட். ஒவ்வொன்றும் தானாக வர வேண்டும். எந்த ஸ்வரத்தில் மூச்சைக் கூட்ட வேண்டியிருக்கிறதோ, அதற்கு முந்தைய பேட்களில் ஏதோ ஒன்று கசிகிறது. கீழ் ஸ்வரங்கள் நடுங்கினாலும் அதே கதைதான். பலமாக ஊதிக் காட்டிவிட்டு “பாத்தீங்களா சார், எப்படிப் பேசுது” என்று சொல்லும் விற்பனையாளரிடம், மெதுவாக ஊதச் சொல்லுங்கள்.

கடைசியாக, செல்போனில் ட்யூனர் வைத்து ஸ்தாயிகளைச் சோதியுங்கள். நடு ‘டி’ கொஞ்சம் ஏறியும், எந்த விரலும் வைக்காமல் வரும் சி ஷார்ப் கொஞ்சம் இறங்கியும் நிற்பது பல சாக்ஸபோன்களின் இயல்பு. பழகியவர் உதட்டால் சரிசெய்துவிடுவார். உதட்டால் எட்டாத தூரத்துக்கு ஓடினால் அந்த வாத்தியம் வேண்டாம். ஆக்டேவ் கீயை அழுத்தியபடியே ‘ஜி’யிலிருந்து ‘ஏ’வுக்குப் போய்வாருங்கள். அந்த இடத்தில் உடலில் உள்ள துளை மூடி, கழுத்தில் உள்ள துளை திறக்க வேண்டும். தடங்கினால் அந்த மெக்கானிசம் வளைந்திருக்கிறது.

எந்தப் பெயர்?

முதல் தொழில் வாத்தியத்துக்கு என் வாக்கு யமஹாவுக்கு. காரணம் கவர்ச்சியல்ல, நம்பகம். ஒரே மாடலில் எதை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், சுருதி கட்டுக்குள் நிற்கும், உதிரிபாகம் கிடைக்கும், திருப்பி விற்றால் பணம் வரும். தொடக்கநிலையில் ஒய்.டி.எஸ்-280, நடுவில் 480, முழுநேரத் தொழிலுக்கு 62. புதிதாக வாங்கினால் 280-க்கே லட்சத்துக்கு மேல் ஆகும். இப்போது தயாரிப்பில் இல்லாத ஒய்.டி.எஸ்-23 நல்ல நிலையில் பழசாகக் கிடைத்தால் விடாதீர்கள். எத்தனையோ நாட்டு மாணவர்கள் ஊதி ஊதியும் தாங்கிய மாடல் அது. பெரிய பெயர் என்பதாலேயே போலியும் உலவுகிறது. உடலின் பின்புறம் வரிசை எண் தெளிவாக வெட்டப்பட்டிருக்கிறதா, முத்திரை மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தைவானில் தைச்சுங் நகரத்தின் ஹோலி பகுதி சாக்ஸபோன் செய்வதையே குலத்தொழிலாக வைத்திருக்கும் ஊர். தைவானிலிருந்து வரும் ஜூபிடர், பி. மோரியா போன்ற பெயர்கள் கவனிக்கத்தக்கவை. ஜப்பானின் யானகிசாவா, கைக்கு மெத்தென்று அமையும் அருமையான வாத்தியம். கையில் பணம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

பிரான்ஸின் செல்மர் மார்க் சிக்ஸ் பற்றி யாராவது உங்களிடம் கண் கலங்கப் பேசுவார்கள். 1954இல் வந்து 1970களின் நடுவில் நின்றுபோன மாடல். இன்றைய சாக்ஸபோன்களின் கீ அமைப்புக்குப் பெரிய அளவில் முன்மாதிரி அதுதான். அதன் பெருமை உண்மை. ஆனால் இன்று அதன் விலையில் பாதி சேகரிப்பாளர்கள் ஏற்றிவிட்டது. முதல் டெனராக அதை வாங்குகிறவர் நாதத்துக்குக் கொடுக்கும் பணத்தோடு பழங்காலப் பொருளுக்கான பணத்தையும் கொடுக்கிறார். கான், கிங், பியூஷர் போன்ற பழைய அமெரிக்க டெனர்களுக்கு அடிவயிற்றிலிருந்து வரும் ஒரு நாதம் உண்டு. இடது கைச் சுண்டுவிரல் கீகள் கடினம், பாகமும் சுலபத்தில் கிடைக்காது. இரண்டாவது வாத்தியமாக வைத்துக்கொள்ளலாம்.

ஆன்லைனில் சிவப்பு, நீலம், கறுப்பு என்று நிறம் நிறமாக, கையுறை, துணி, ஸ்டாண்டு, ரீட் எல்லாம் சேர்த்து அரை லட்சத்துக்கும் கீழே வரும் பெயரில்லா டெனர்களைத் தொழிலுக்கு வாங்காதீர்கள். உலோகம் மெத்தென்று இருக்கும். சரிசெய்த கீ அடுத்த மாதமே வளையும். பாகம் எதனோடும் பொருந்தாது. பல ரிப்பேர்காரர்கள் அதை மேஜையில் வைக்கவே சம்மதிப்பதில்லை. வேலை செய்த பிறகும் அது நிற்காது, பழி தங்கள் மேல் விழும் என்பது அவர்கள் அனுபவம்.

வெளிநாட்டிலிருந்து தெரிந்தவர் மூலம் வரவழைத்தால் மலிவு என்று நினைப்பவர்கள் சுங்க வரியையும் ஜி.எஸ்.டி.யையும் கூட்டிப் பாருங்கள். அதோடு, ஊதிப் பார்க்காமல் வாங்குகிறீர்கள் என்பதையும்.

மவுத்பீஸும் ரீட்டும்

கையில் உள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவையுங்கள். மவுத்பீஸ், ரீட், ஹார்னஸ், ஸ்டாண்டு, முதல் சர்வீஸ் எல்லாம் இதில்தான். உடலைவிட மவுத்பீஸ்தான் நாதத்தின் நிறத்தை அதிகம் தீர்மானிக்கிறது. தொடக்கத்தில் யமஹா 4 சி போதும், ஒன்றும் குறையில்லை. உதடு பலப்பட்ட பிறகு உங்களுக்கு எந்த வேலை என்று பார்த்து மாறுங்கள். பேண்டில், கிளாசிக்கல் ஒழுங்கில் வாசிக்கிறவர்கள் செல்மர் சி ஸ்டார் பக்கம் போவார்கள். ஜாஸுக்கும் லைட் மியூசிக்குக்கும் ஓட்டோ லிங்க் காலங்காலமாக இருக்கிறது. ஜான் கோல்ட்ரேன் வாசித்ததும் ஓட்டோ லிங்க்தான்.

மவுத்பீஸின் நுனிக்கும் ரீட்டுக்கும் உள்ள இடைவெளி பெரிதாகப் பெரிதாக ரீட் மெல்லியதாக இருக்க வேண்டும். பெரிய இடைவெளியும் தடித்த ரீட்டும் சேர்ந்தால் இரண்டு பாட்டில் உதடு செத்துவிடும். தொடக்கத்தில் 2 அல்லது 2½ போதும். கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும்; வான்டோரன் 2½ பொதுவாக ரிக்கோ 2½-ஐவிடக் கடினம். வான்டோரன் டெனர் ரீட் ஒரு பெட்டியில் ஐந்து இருக்கும். ஐந்தும் ஒன்றுபோல் பேசாது. நான்கைத் தேர்ந்தெடுத்து எண் போட்டு, நாளுக்கு ஒன்றாக மாற்றி வாசித்தால் எல்லாமே நீண்ட நாள் வரும்.

மேடையில் ஒரு சங்கடம் உண்டு. சாக்ஸ் இல்லாத பாட்டுகள் நாலைந்து வரிசையாக வந்தால் ரீட் காய்ந்து சுருங்கிப்போகும். உங்கள் முறை வரும்போது கீச்சென்று ஒரு சத்தம்தான் வரும். செயற்கை ரீட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. கனடாவின் லெஜேர் இதில் பேர் வாங்கியது. ஒன்றின் விலை ஒரு பெட்டி நாணல் ரீட்டை விஞ்சும், ஆனால் கல்யாண மண்டபத்துக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். நாணல் ரீட்தான் வேண்டும் என்பவர்கள் முறை வருவதற்கு ஒரு பாட்டு முன்பே ரீட்டை வாயில் வைத்து நனைத்துக்கொள்ள வேண்டும்.

குளிரையும் மறக்காதீர்கள். ஏ.சி. மண்டபத்தில் வாத்தியம் சும்மா நின்றால் குளிர்ந்து சுருதி இறங்கும். திறந்தவெளி வெயிலில் ஏறும். மேடை ஏறுவதற்கு முன்னால் சுருதி சேர்த்துவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார முடியாது. வாசிக்கும் முன் சத்தமில்லாமல் வெறும் மூச்சை உள்ளே விட்டுச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மவுத்பீஸைக் கழுத்துத் தக்கையில் கொஞ்சம் உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும்.

எங்கே வேலை?

ரிசப்ஷன் மேடையும் ட்ரூப்பும் வாசலில் நிற்கிற வேலை. அங்கே காதால் பிடித்து உடனே வாசிக்கத் தெரிந்தவருக்கு மரியாதை. ஹோட்டல் லாபியில் தனியாக ட்ராக் வைத்து வாசிக்க வேண்டியிருக்கும். சத்தத்தை அடக்கி, சாப்பிடுகிறவர்கள் பேச்சுக்குக் கீழே வாசிக்கப் பழகுங்கள். உல்லாசக் கப்பல்களில் வேலை தேடுகிறவர்களுக்கு நொட்டேஷன் பார்த்ததும் வாசிக்க வர வேண்டும். டெனரோடு கிளாரினெட்டோ புல்லாங்குழலோ சேர்த்து வாசிப்பவரைத்தான் அங்கே விரும்பி எடுப்பார்கள். சம்பளம் நிலையாக வேண்டும் என்பவர்கள் முப்படை பேண்டுகளைப் பாருங்கள். விமானப்படையின் அக்னிவீர்வாயு இசைக்கலைஞர் ஆள்சேர்ப்பில் சாக்ஸபோனும் ஏற்கப்படும் வாத்தியங்களில் ஒன்று. கற்பித்தல் இன்னொரு வழி, டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். இரண்டும் சாக்ஸபோனுக்கு எட்டு கிரேடு வரை தேர்வு நடத்துகின்றன. மேல் கிரேடு சான்றிதழ் இருந்தால் பள்ளிக்கூடக் கதவு திறக்கும்.

எந்த வேலையானாலும் தினசரி சாதகத்துக்கு இடம் வேண்டும். டெனர் அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்ற சத்தம் அல்ல. சோனி ரோலின்ஸ், ஏற்கெனவே புகழின் உச்சியில் இருந்தவர், 1959இல் மேடையை விட்டு விலகி, அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போய் மணிக்கணக்காக வாசித்தார். திரும்பி வந்து 1962இல் வெளியிட்ட இசைத்தட்டுக்கு ‘தி பிரிட்ஜ்’ என்றே பெயர் வைத்தார். பக்கத்து வீட்டாரிடம் வாத்தியம் வாங்கும் முன்பே ஒரு வார்த்தை சொல்லி நேரம் பேசிவைப்பது நல்லது. இல்லையென்றால் சர்ச் ஹாலோ, பள்ளி வகுப்பறையோ சாயங்காலத்துக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

பராமரிப்பு

ஒவ்வொரு முறை வாசித்ததும் கயிறு கட்டிய துணியை உடலுக்குள் இழுத்து ஈரத்தை எடுங்கள். அந்த ஈரத் துணியை உள்ளேயே வைத்துவிடக் கூடாது. பேட்கள் ஊறிக் கெடும். ரீட்டைக் கழற்றித் தட்டையான பெட்டியில் வையுங்கள். மவுத்பீஸைக் குளிர்ந்த தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் எபொனைட் மவுத்பீஸ் பச்சை பூத்து நாற்றமடிக்கும். ஜி ஷார்ப் பேட் ஒட்டிக்கொள்வது எல்லார் டெனரிலும் நடக்கும். மெல்லிய தாளை நடுவில் வைத்து லேசாக மூடி ஈரத்தை உறிஞ்ச விடுங்கள். வெண்கலப் பாத்திரம் தேய்க்கும் பாலிஷ், தேங்காய் எண்ணெய் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள்.

கேஸுக்குள் வைக்கும்போது உடலின் மேல் வாயில் மூடியைச் செருகிவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஆக்டேவ் கம்பி முதலில் வளையும். ரயிலில் மேல் பெர்த்தில் நம்மோடே வரட்டும். விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோ, 55 செ.மீ. என்பது பொதுவான வரம்பு. டெனர் கேஸ் அதைவிட நீளம். டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள், கடினமான கேஸும் வைத்திருங்கள்.

பில்லில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். தொலைந்தால் போலீஸ் புகாருக்கும், வெளிநாட்டுக் கச்சேரி முடிந்து திரும்பும்போது சுங்கத்துக்கும் அந்த எண்தான் சாட்சி. புதிய பேட்கள் முதல் சில மாதங்களில் அமுங்கி இடம் மாறும். கைதேர்ந்த ரிப்பேர்காரர் போட்டதானாலும் மூன்றாவது மாதம் மறுபடி விளக்குச் சரம் இறக்கிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு சர்வீஸ் இலவசம் என்பதை வாங்கும் நாளிலேயே பேசி, அதே பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.